வசனம் சரி, வாதம் எங்கே?

கம்பஸில் முதலாம் வருடம் படிக்கும்போது எங்களுக்குக் கிழமையில் இரண்டு நாள் இங்கிலிஷ் வகுப்பு. போட்டோக்கொப்பி ஒன்று தருவார்கள். கீறிட்ட இடம் நிரப்புதல், செய்வினையைச் செயப்பாட்டுவினையாக மாற்றுதல், இரண்டு வசனங்களை ஒன்றாக இணைத்தல். நானும் ஓரளவு சரியாகத்தான் செய்துகொண்டு வந்தேன். அதே காலத்தில் இன்னொரு பாடத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு அசைன்மென்ற் வந்தது. ஒரு கருத்தை விமர்சனரீதியாக ஆராயச் சொல்லிக் கேள்வி. நாங்கள் நாலு பேர் லைப்ரரியில் மூன்று புத்தகங்களை எடுத்து, நல்ல வசனங்களாகப் பார்த்துப் பொறுக்கி, ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக ஒட்டி ஐந்து பக்கம் எழுதிக் கொடுத்தோம். வசனப்பிழை ஒன்றும் இருக்கவில்லை. வசனங்கள் எங்களுடையவை இல்லையே!

திரும்பி வந்த தாளின் ஓரத்தில் சிவப்பு மையில் ஒரேயொரு கேள்வி. தமிழில் சொன்னால் இப்படி வரும்: "இதில் நீர் என்ன சொல்கிறீர்?"

எனக்கு அன்றைக்கு உண்மையாகவே விளங்கவில்லை. நான் என்னத்தைச் சொல்வது? புத்தகத்தில் இருப்பதைத்தானே எழுதவேண்டும்? பள்ளிக்கூடத்திலும் ரியூஷனிலும் பதின்மூன்று வருடமாக நாங்கள் பழகியது அதைத்தானே? "கொப்பி அடிச்சிருக்கிறாய்" என்று ஏசியிருந்தால்கூட விளங்கியிருக்கும். இந்தக் கேள்விக்கு எந்த வகுப்பிலும் எங்களுக்குப் பதில் சொல்லித் தரப்படவில்லை. இங்கிலிஷ் வகுப்பில் வசனம் படித்தோம். பாட வகுப்பில் வாதம் தெரிந்தவர்களாக எங்களை எடுத்துக்கொண்டார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு பெரிய கிடங்கு இருந்தது. அந்தக் கிடங்கு எப்போது, எப்படி வந்தது என்று தேடிப் பார்த்ததுதான் இந்தக் கட்டுரை.

வட்டுக்கோட்டையில் இரண்டு மொழிகள்

1823இல் அமெரிக்க மிஷனரிகள் வட்டுக்கோட்டையில் ஒரு செமினரியைத் தொடங்கினார்கள். டானியல் பூவர் அதன் முதல் அதிபர். மதம் பரப்ப உள்ளூர் ஆட்களைத் தயார்படுத்துவதுதான் மிஷனின் நோக்கம் என்பதை மறக்கத் தேவையில்லை. ஆனால் அங்கே படிப்பித்த முறை அந்த நோக்கத்தைத் தாண்டிப் போனது. ஆங்கிலம், கணிதம், வானியல், இயற்கை விஞ்ஞானம் ஆகியவற்றோடு தமிழையும் ஒரு பாடமாகப் படித்தார்கள். ஒரு மொழியைக் கற்பதற்கு மற்றதை மறக்கவேண்டும் என்ற எண்ணம் அங்கே இருக்கவில்லை.

அதன் விளைவை ஒரு மனிதரில் பார்க்கலாம். சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அங்கே படித்தவர். சென்னைப் பல்கலைக்கழகம் நடத்திய முதலாவது பி. ஏ. பரீட்சையில் தேறிய இருவரில் ஒருவர். மற்றவர் கறோல் விசுவநாதபிள்ளை. அவரும் வட்டுக்கோட்டைதான். தாமோதரம்பிள்ளை அந்த ஆங்கிலப் படிப்பை வைத்துக்கொண்டு உத்தியோகத்தோடு நின்றுவிடவில்லை. வீரசோழியம் (1881), தொல்காப்பியப் பொருளதிகாரம் (1885), கலித்தொகை (1887) என்று ஏட்டில் கிடந்த நூல்களை அச்சுக்குக் கொண்டுவந்தார்.

அவருடைய பதிப்புரைகளைச் சும்மா முன்னுரை என்று நினைத்துத் தாண்டிப் போய்விடக் கூடாது. கிடைத்த ஏடுகள் எந்த நிலையில் இருந்தன, ஒரு நூலின் காலம் எது, அதைப் பற்றி மற்றவர்கள் என்ன சொன்னார்கள், அதில் எதை ஏற்கிறார், எதை மறுக்கிறார் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்து வாதாடுகிறார். "இதில் நீர் என்ன சொல்கிறீர்?" என்ற கேள்விக்குத் தமிழிலேயே பதில் எழுதிய ஆள் அவர்.

ஆனால் செமினரி 1855இல் மூடப்பட்டது. ஆங்கிலம் படித்த பொடியள் பிரசங்கத்துக்கு வராமல் அரசாங்க உத்தியோகத்துக்குப் போகிறார்கள் என்பது மிஷனின் மனக்குறைகளில் முக்கியமானது. ஆங்கிலம் என்றால் வேலை, வேலை என்றால் ஊரைவிட்டு வெளிக்கிடுதல் என்ற கணக்கு அப்போதே தொடங்கிவிட்டது. மானிப்பாயில் மருத்துவம் படிப்பித்த சாமுவேல் கிறீன் இதே பிரச்சினைக்கு நேரெதிரான முடிவை எடுத்தார். ஆங்கிலத்தில் படித்த வைத்தியர்கள் ஊரில் நிற்கிறார்கள் இல்லை என்று கண்டு, 1860களில் தமிழில் மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். இரணவைத்தியம் (1867), கெமிஸ்தம் (1875) போன்ற தமிழ் நூல்கள் அந்த முயற்சியில் வந்தவை.

ஆக, பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே எங்களுக்கு முன்னால் இரண்டு வழி வைக்கப்பட்டுவிட்டது. ஆங்கிலத்தில் படித்து வெளியே போ, இல்லையென்றால் தமிழில் படித்து ஊரில் நில். இரண்டு மொழியிலும் நின்று யோசிக்கும் தாமோதரம்பிள்ளையின் மூன்றாவது வழி தனிமனிதர்களின் கெட்டித்தனமாக மட்டும் மிஞ்சியது. அதைத் தொடர்ந்து நடத்த ஒரு நிறுவனம் இருக்கவில்லை.

யாரும் சொல்லித் தராத விதிகள்

1921இல் கொழும்பில் இலங்கைப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியது. அங்கே படித்தவர்கள் லண்டன் பல்கலைக்கழகத்தின் பட்டப் பரீட்சையைத்தான் எடுத்தார்கள். 1942இல் அது இலங்கைப் பல்கலைக்கழகமாக மாறியது. முதல் துணைவேந்தர் ஐவர் ஜெனிங்ஸ். அப்போது முழு நாட்டுக்கும் சேர்த்து அங்கே படித்தவர்கள் ஏறத்தாழ 900 பேர்தான். பின்னர் அது படிப்படியாகப் பேராதனைக்கு நகர்ந்தது.

அந்த 900 பேரும் பெரும்பாலும் ஆங்கிலப் பாடசாலைகளில் இருந்து வந்தவர்கள். ஆகவே பல்கலைக்கழகம் அவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கவேண்டிய தேவை இருக்கவில்லை. ஆங்கிலத்துறை இருந்தது, ஆனால் அது ஆங்கில இலக்கியம் படிப்பிக்கும் துறை. ஈ. எஃப். சி. லுடோவைக் அதன் புகழ்பெற்ற பேராசிரியர். கட்டுரை எழுதுவது எப்படி, மற்றவரின் கருத்தை எடுத்தாள்வது எப்படி, மறுப்பது எப்படி என்பவற்றைத் தனிப் பாடமாக யாரும் வைக்கவில்லை. ரியூட்டோரியல் வகுப்பில் ஒரு சின்னக் குழு விரிவுரையாளருக்கு முன்னால் இருந்து தங்கள் கட்டுரைகளைப் பற்றிக் கதைக்கும். நீ எழுதியது சரியா, ஆதாரம் எங்கே என்று கேள்வி வரும். அப்படியே பழகிக்கொண்டார்கள். வீட்டிலும் பாடசாலையிலும் பாதி பழகி வந்தவர்களுக்கு மிச்சப் பாதி அங்கே கிடைத்தது.

விதிகள் இல்லாமல் இருந்ததால் அவை சொல்லித் தரப்படாமல் போகவில்லை. வந்தவர்களுக்கு ஏற்கனவே தெரிந்திருந்ததால் அவை கண்ணுக்குத் தெரியவில்லை. வேறு ஆட்கள் வரும்போதுதான் இப்படிப்பட்ட விதி இருப்பதே வெளியில் தெரியும்.

வேறு ஆட்கள் வந்தார்கள். அது இந்த நாட்டின் மிக நல்ல சம்பவங்களில் ஒன்று. 1945இல் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் பாலர் வகுப்பில் இருந்து பல்கலைக்கழகம் வரை கல்வி இலவசமானது. முதலில் ஆரம்ப வகுப்புகளிலும், 1950களில் மேல் வகுப்புகளிலும் தாய்மொழி மூலம் வந்தது. 1960இல் பல்கலைக்கழகத்தின் கலைப்பீடத்துக்கும் சிங்கள, தமிழ் மொழிமூலங்கள் வந்துசேர்ந்தன. தோட்டக்காரரின் மகளும் மீன்பிடிப்பவரின் மகனும் முதன்முறையாகப் பட்டப் படிப்புக்குள் நுழைந்தார்கள். 1956இன் தனிச் சிங்களச் சட்டத்தோடு இதைப் போட்டுக் குழப்பக்கூடாது. அது தமிழர்களை ஒதுக்கிய சட்டம். தாய்மொழியில் கல்வி என்பது தமிழ்ப் பிள்ளைக்கும் கிடைத்த உரிமை. அந்த உரிமை இல்லாவிட்டால் இந்தக் கட்டுரையை நான் எழுதியிருக்க மாட்டேன், நீங்கள் வாசித்திருக்கவும் மாட்டீர்கள்.

ஆனால் மொழியை மாற்றியவர்கள் லைப்ரரியை மாற்றவில்லை. புத்தகங்களும் ஆய்விதழ்களும் ஆங்கிலத்தில் இருந்தன. ரியூட்டோரியலும் வந்த கூட்டத்துக்குக் காணவில்லை. விரிவுரையாளர் ஆங்கிலப் புத்தகத்தை வாசித்துத் தமிழில் நோட்ஸ் சொல்வார், மாணவர் எழுதிக்கொள்வார், பரீட்சையில் திருப்பிக் கொடுப்பார். பல இடங்களில் நோட்ஸ்தான் முழு அறிவும் என்று ஆனது. ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொன்னதோடு வைத்துப் பார்க்க இரண்டாவது புத்தகம் கையில் இல்லை என்றால் வாதம் எங்கே இருந்து வரும்?

கடுவ

இந்த இடைவெளியை நிரப்பத்தான் பல்கலைக்கழகங்களில் ஆங்கிலத்துறைக்குப் பக்கத்தில் ஆங்கில உபதுறைகள் வந்தன. பின்னாளில் அவை ஆங்கில மொழி கற்பித்தல் அலகுகளாகின. "உப" என்ற முன்னொட்டைக் கொஞ்சம் கவனியுங்கள். இலக்கியம் படிப்பவர்களுக்குத் துறை. ஆங்கிலம் தெரியாதவர்களுக்கு உபதுறை. கற்பிப்பது ஒரு திருத்தவேலை, படிப்பவர் ஒரு குறைபாடுள்ளவர் என்ற எண்ணம் அந்தப் பெயருக்குள்ளேயே இருக்கிறது.

அந்தக் காலத்தில் ஆங்கிலம் கற்பிப்பதில் செல்வாக்காக இருந்தது அமைப்புமுறை. மொழி என்றால் வசன அமைப்புகளின் அடுக்கு. எளிய அமைப்பில் தொடங்கிச் சிக்கலான அமைப்புக்கு ஒவ்வொரு படியாக ஏறவேண்டும். இதில் பிழை என்று சொல்ல முடியாது. எழுவாய், வினை, செயப்படுபொருள் என்று போகும் ஆங்கில வசனம், வினையைக் கடைசியில் வைக்கும் எங்கள் வசனத்துக்கு நேரெதிர். அதைப் பழகத்தான் வேண்டும். ஆனால் படியில் ஏறி முடிந்த பிறகு எங்கே போவது என்பதைப் பற்றி அந்த முறையில் ஒன்றும் இல்லை.

இந்தச் சூழலில்தான் சிங்கள மாணவர்கள் ஆங்கிலத்துக்குக் "கடுவ" என்று பெயர் வைத்தார்கள். கடுவ என்றால் வாள். கையில் வைத்திருப்பவர் அடுத்தவரை வெட்டலாம். இந்தச் சொல்லை வைத்து 1984இல் முக்கியமான ஒரு கட்டுரை எழுதியவர் பேராதனையில் ஆங்கிலம் கற்பித்த தமிழரான திரு கந்தையா. ஆங்கிலம் இங்கே அதிகாரத்தைப் பங்கிடும் ஒரு ஆயுதம் என்பதை அவர் மாணவரின் சொல்லில் இருந்தே எடுத்துக் காட்டினார். இலங்கையர் பேசும் ஆங்கிலம் பிழையான ஆங்கிலம் இல்லை, தனக்கென்று விதிகள் உள்ள ஒரு ஆங்கிலம் என்றும் அவர் முன்னரே வாதாடியிருந்தார்.

எங்கட பக்கத்தில் அப்படி ஒரு பெயர் வைக்கவில்லை என்றாலும் வெட்டு ஒன்றுதான். நேர்முகப் பரீட்சையில் வாய் திறக்காமல் இருந்த சீனியர், செமினாரில் கடைசி வரிசையில் இருந்து கேள்வி கேட்க நினைத்துக் கேட்காமல் விட்டவர், "அவ இங்கிலிஷ் மீடியம், அவவுக்கென்ன" என்று தனக்குத் தானே சமாதானம் சொன்னவர் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு ஆளைத் தெரியும். பல சமயம் அந்த ஆள் நாங்களேதான்.

கார்ட்டூமில் ஒரு வாத்தியார்

இந்தச் சிக்கல் எங்களுக்கு மட்டும் வந்ததில்லை. காலனிய ஆட்சியில் இருந்து விடுபட்ட பல நாடுகளின் பல்கலைக்கழகங்களில் இதே கதைதான். ஜோன் சுவேல்ஸ் என்ற பிரித்தானியர் 1960களில் லிபியாவிலும் 1970களில் சூடானின் கார்ட்டூமிலும் மாணவர்களுக்கு ஆங்கிலம் கற்பித்தார். இலக்கணம் தெரிந்த மாணவருக்கும் ஆய்வுக்கட்டுரை எழுத வராது என்பது அவரைப் போன்ற ஆசிரியர்கள் கண்ட விசயம். அப்படியானால் ஆய்வுக்கட்டுரை என்பது உண்மையில் என்ன செய்கிறது என்ற கேள்வி வந்தது.

1981இல் அவர் 48 ஆய்வுக்கட்டுரைகளின் முன்னுரைகளை எடுத்து அலசினார். 1990இல் வெளிவந்த தன் புத்தகத்தில் அதைத் திருத்தி மூன்று நகர்வுகளாகச் சொன்னார். முதலில் உன் களத்தைக் காட்டு: இது முக்கியமான விசயம், இதைப் பற்றி இன்னின்னார் பேசியிருக்கிறார்கள். அடுத்தது அதில் ஒரு வெற்றிடத்தைக் காட்டு: அவர்கள் இதைக் கவனிக்கவில்லை, அல்லது இதில் பிழை விட்டிருக்கிறார்கள். பிறகு அந்த இடத்தில் நீ போய் உட்கார்: அதை நான் இந்தக் கட்டுரையில் செய்கிறேன்.

இவ்வளவுதான். ஒரு உதாரணம் சொல்கிறேன். யாழ்ப்பாணத்துச் சனசமூக நிலையங்களைப் பற்றி எழுதப்போகிறீர்கள் என்று வைப்போம். அவை வாசிப்பை வளர்த்த இடங்கள் என்று பலர் எழுதியிருக்கிறார்கள் என்பது முதலாவது. அங்கே பெண்கள் போனார்களா என்று அவர்கள் கேட்கவில்லை என்பது இரண்டாவது. என் ஊரில் மூன்று நிலையங்களை வைத்து அதைப் பார்க்கிறேன் என்பது மூன்றாவது. சிவப்பு மையில் எனக்கு வந்த கேள்விக்கான பதில் இந்த இரண்டாவது நகர்வில் இருக்கிறது. யாராவது இதைப் பலகையில் ஒரு தடவை எழுதிக் காட்டியிருந்தால் எனக்குப் பத்து நிமிசத்தில் விளங்கியிருக்கும்.

வசன அமைப்புப் பாடமும் அப்போதுதான் உயிர் பெறுகிறது. ஒருவர் "சொல்கிறார்", "வாதிடுகிறார்", "நிறுவுகிறார்" என்ற மூன்று வினைகளும் இலக்கணத்துக்கு ஒன்றுதான். வாதத்துக்கு வேறு வேறு. "நிறுவுகிறார்" என்று எழுதினால் நான் அவரை ஏற்றுக்கொண்டுவிட்டேன். "வாதிடுகிறார்" என்று எழுதினால் இன்னும் இடம் வைத்திருக்கிறேன். எங்களுக்குச் சொல்லித் தந்த செயப்பாட்டுவினையும் அப்படித்தான். செய்தவரின் பெயரை ஏன் ஒரு இடத்தில் மறைக்கிறோம் என்ற கேள்வி இல்லாமல் அதை நூறு தரம் மாற்றி எழுதி என்ன பயன்?

ஓரங்களில் எழுதியவர்கள்

யாழ்ப்பாணத்தில் 1974இல் பல்கலைக்கழக வளாகம் தொடங்கியபோது அதன் முதல் தலைவர் க. கைலாசபதி. பேர்மிங்ஹாமில் ஆங்கிலத்தில் ஆய்வு செய்து பட்டம் பெற்று, தமிழ் வீரயுகக் கவிதையைப் பற்றி 1968இல் ஆங்கில நூல் வெளியிட்டவர். அதே ஆள் தமிழில் பத்திரிகை நடத்தி, தமிழில் விமர்சனம் எழுதி ஒரு தலைமுறையை உருவாக்கினார். இரண்டு மொழியிலும் வாதாடிய அந்தப் பரம்பரையின் ஆள் தலைமை தாங்கிய வளாகத்திலும் கலைப்பீட மாணவருக்கு ஆங்கிலம் ஒரு கட்டாயப் பாடமாகவும் ஒரு பயமாகவும்தான் இருந்தது.

இதை உள்ளே இருந்து பதிவு செய்தவர் சுரேஷ் கனகராஜா. 1984 தொடக்கம் பத்து வருடம் அங்கே ஆங்கிலம் கற்பித்தவர். 1990ஐ ஒட்டிய காலத்தில், யுத்தத்துக்கு நடுவில், தன் முதலாம் வருட வகுப்பை அவர் ஆராய்ந்தார். வகுப்பில் இருந்த புத்தகம் அமெரிக்கர்களுக்குப் பழக்கமான வாழ்க்கையை வைத்து எழுதப்பட்ட ஒரு அமெரிக்கப் பாடநூல். குண்டுச் சத்தத்துக்கும் மின்சாரம் இல்லாத இரவுகளுக்கும் அந்தப் புத்தகத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

அவர் இரண்டு விசயங்களைக் கண்டார். முதலாவது, உரையாடல், குழுச் செயற்பாடு என்று அவர் கொண்டுவந்தவற்றில் மாணவருக்குப் பெரிய நாட்டம் இருக்கவில்லை. இலக்கணத்தைத் தாருங்கள், பரீட்சைக்கு வருவதைத் தாருங்கள் என்பதுதான் அவர்களின் எதிர்பார்ப்பு. இரண்டாவது, மாணவரின் புத்தகங்களை வாங்கிப் பார்த்தபோது அவற்றின் ஓரங்கள் நிறைய எழுத்தும் படமும். அச்சடித்த அமெரிக்கப் பாத்திரங்களுக்குத் தமிழ்ப்பட வசனம், காதல், பகிடி, போராட்டம் என்று தங்கள் உலகத்தை அவர்கள் அங்கே எழுதி வைத்திருந்தார்கள்.

இதை முதன்முதலில் வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு யோசித்தால், ஒரு புத்தகம் சொல்வதை எடுத்து, அது எனக்குப் பொருந்தாது என்று காட்டி, அந்த இடத்தில் என்னுடையதை வைப்பது என்றால் சுவேல்ஸ் சொன்ன மூன்று நகர்வும் அதில் இருக்கிறதே! அந்த மாணவர்களுக்கு வாதாடத் தெரிந்திருந்தது. அதை ஓரத்தில் இருந்து நடுப்பக்கத்துக்குக் கொண்டுவரும் வழியைத்தான் அவர்களுக்கு யாரும் காட்டவில்லை. இலக்கணத்தைக் கேட்டதும் மக்குத்தனம் இல்லை. இலக்கணத்துக்கு ஊர் இல்லை, அது யாருடைய வாழ்க்கையையும் எங்கள்மேல் திணிக்காது என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கலாம். இந்தக் கதையை 1999இல் வந்த அவருடைய புத்தகம் விரிவாகச் சொல்கிறது. 2002இல் வந்த இன்னொரு புத்தகத்தில், வெளிநாட்டு ஆய்விதழுக்குக் கட்டுரை அனுப்ப நல்ல தாளும் பல பிரதிகளும் தபால் செலவும் தேவைப்பட்டபோது பொருளாதாரத் தடைக்குள் இருந்த புலமையாளர் என்ன பாடுபட்டார்கள் என்று எழுதினார். யாருடைய வாதம் உலகத்துக்குக் கேட்கும் என்பதைச் சில நேரம் தாளின் தரமும் தீர்மானித்திருக்கிறது.

பிறகு 2006இல் அவர் கார்த்திகேசு சிவத்தம்பியின் எழுத்துகளை எடுத்து ஒரு கட்டுரை எழுதினார். சிவத்தம்பி தமிழில் எழுதியது ஒன்று, இங்குள்ள வாசகருக்காக ஆங்கிலத்தில் எழுதியது ஒன்று, வெளிநாட்டு ஆய்விதழுக்காக ஆங்கிலத்தில் எழுதியது ஒன்று. எழுதியவர் ஒருவரே. ஆனால் வாசகர் மாற, வாதத்தை வைக்கும் விதமும் மாறியது. இதைத் தமிழ் மொழியின் குறை என்றோ ஆங்கிலம் வராத குறை என்றோ பார்க்கக்கூடாது, எழுதுபவர் தெரிந்தே எடுத்த தெரிவு என்பதுதான் கனகராஜா சொல்ல வந்தது. எனக்கு இது பெரிய ஆறுதலாக இருந்தது.

நன்னூல் சொன்ன ஏழு நிலைப்பாடு

இவ்வளவையும் வாசித்த பிறகு தற்செயலாக நன்னூலின் பாயிரத்தைத் திரும்பப் பார்த்தேன். உயர்தரத்துக்குத் தமிழ் படித்தவர்கள் இலக்கணப் பகுதியை மட்டும் பாடமாக்கிவிட்டுப் பாயிரத்தைத் தாண்டியிருப்போம். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி அங்கே நூல் எழுதுபவருக்கு ஏழு "மதம்" சொல்கிறார். மதம் என்றால் இங்கே சமயம் இல்லை, நிலைப்பாடு. அடுத்தவர் கருத்தை ஏற்பது. மறுப்பது. முதலில் ஏற்றுப் பின்னர் களைவது. தானே ஒன்றை முன்வைத்து அதை நிறுவிக் காட்டுவது. இரண்டு பேர் மாறுபடும்போது ஒரு பக்கத்தைத் தெரிந்தெடுப்பது. மற்றவர் நூலின் குற்றத்தைக் காட்டுவது. எவரோடும் சேராமல் தன் கருத்தில் நிற்பது.

எண்ணூறு வருடத்துக்கு முந்தைய அந்தப் பட்டியலை இன்றைக்கு எந்தப் பல்கலைக்கழகத்தின் எழுத்துத்திறன் வகுப்பிலும் முதல் நாள் கொடுக்கலாம். அதே பாயிரத்தில் எழுத்தின் பத்துக் குற்றங்களும் வருகின்றன. தேவைக்குக் குறைத்துச் சொல்வது, கூட்டிச் சொல்வது, சொன்னதையே சொல்வது, முன்னுக்குப் பின் முரணாகச் சொல்வது எல்லாம் அதில் உண்டு. எங்கள் அசைன்மென்ற்களில் சிவப்பு மை விழுவதும் இவற்றுக்குத்தான். பழைய இலக்கண நூல்கள் "இப்படிச் சொல்வார்கள்" என்று முன்னோரைச் சுட்டிக்காட்டியே விதி சொல்லும். அதுவும் மேற்கோள் காட்டும் முறைதான்.

"எல்லாம் எங்களிடம் ஏற்கனவே இருந்தது" என்று நெஞ்சை நிமிர்த்துவதற்காக இதைச் சொல்லவில்லை. நன்னூல் தெரிந்தால் ஆங்கிலம் வந்துவிடாது. அந்தப் படிப்பு எல்லாச் சாதிக்கும் எல்லாப் பெண்ணுக்கும் கிடைத்ததும் இல்லை. நான் சொல்ல வருவது சின்ன விசயம். வாதம் ஆங்கிலத்தின் சொத்து என்று நாங்கள் நம்பிவிட்டோம். ஆங்கிலம் வந்தால் வாதம் தானாக வரும் என்று காத்திருந்தோம். அதனால் தமிழில் எழுதும்போதும் அதைப் பழகவில்லை. தமிழ்மொழிமூலத்தில் பட்டம் முடித்த எத்தனை பேருக்குத் தமிழில் ஒரு கருத்தை ஆதாரத்தோடு மறுத்து எழுதப் பயிற்சி கிடைத்தது?

இப்போது

1999இல் உயர்தரத்துக்குப் பொது ஆங்கிலம் என்ற பாடம் வந்தது. பல்கலைக்கழக அனுமதிக்கு அந்தப் புள்ளி சேர்வதில்லை என்பதால் பலர் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. 2000களின் தொடக்கத்தில் பாடசாலைகளில் ஆங்கில மொழிமூலம் மீண்டும் வந்தது. கலைப்பீடங்களிலும் பல துறைகள் ஆங்கிலத்துக்கு மாறி வருகின்றன. 1960இல் மொழியை மட்டும் மாற்றி மற்றதை விட்டதுபோல இப்போதும் மொழியை மட்டும் மாற்றினால் விளைவு அதேதான். அன்றைக்குத் தமிழில் நோட்ஸ், இன்றைக்கு ஆங்கிலத்தில் நோட்ஸ்.

இன்னொரு விசயமும் சேர்ந்திருக்கிறது. வசனத்தை இப்போது போனே திருத்தித் தருகிறது. தமிழில் எழுதியதை ஆங்கிலமாக்கியும் தருகிறது. எங்கள் காலத்துப் போட்டோக்கொப்பிப் பயிற்சிகள் அனைத்தையும் ஒரு நிமிசத்தில் செய்துவிடும். அப்படியானால் வகுப்பில் மிஞ்சுவது என்ன? "இதில் நீர் என்ன சொல்கிறீர்?" என்பதுதான் மிஞ்சும். அதைச் சொல்லித் தராத பல்கலைக்கழகத்தில் வீட்டில் புத்தகம் உள்ள பிள்ளை எப்படியோ பிழைக்கும், முதல் தலைமுறையாக வந்த பிள்ளை மறுபடியும் ஓரத்தில் நிற்கும். இலவசக் கல்வி கதவைத் திறந்தது. உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்லித் தருவதும் அந்தக் கல்வியின் பாதிக் கடமை.

அலகுகளும் துறைகளும் சேர்ந்து செய்யவேண்டிய வேலை இது. ஆங்கில வகுப்பில் வாசிக்கும் பந்தி, மாணவர் படிக்கும் பாடத்தில் இருந்தே வரலாம். முதல் அசைன்மென்றுக்குப் புள்ளி போடாமல் திருப்பிக் கொடுத்து, இன்னொரு தரம் எழுதச் சொல்லலாம். நாங்கள் செய்யக்கூடியதும் இருக்கிறது. எங்கள் வாசிப்பு வட்டத்தில் இந்த வருடம் ஒரு பழக்கம் தொடங்கியிருக்கிறோம். ஒரு கட்டுரையை எடுத்து, எழுதியவர் யாருக்குப் பதில் சொல்கிறார், எந்த இடத்தில் "இல்லை" என்கிறார், அதற்கு என்ன ஆதாரம் வைக்கிறார் என்று மூன்றே கேள்வி. தமிழ்க் கட்டுரை ஒரு கிழமை, ஆங்கிலக் கட்டுரை அடுத்த கிழமை. ஆங்கிலம் குறைவு என்று பின்னால் இருந்த ஒரு தங்கச்சிதான் போன தடவை எழுத்தாளரின் ஆதாரத்தில் இருந்த ஓட்டையைப் பிடித்தார். தமிழில்தான் சொன்னார். பிறகு எல்லோருமாக இருந்து அதை ஆங்கிலத்தில் எழுதினோம். வசனம் மூன்று தரம் பிழைத்தது, நாலாவது தரம் சரிவந்தது.

அந்தப் பழைய அசைன்மென்ற் இன்னும் என்னிடம் இருக்கிறது. சிவப்பு மை மங்கிவிட்டது. அந்த ஐந்து பக்கத்தில் என்னுடையது என்று சொல்ல ஒரு வசனமும் இல்லை. இந்தக் கட்டுரையில் சில இருக்கின்றன என்று நினைக்கிறேன். அவற்றில் எதிலாவது நான் பிழை விட்டிருந்தால் மறுத்து எழுதுங்கள், எந்த மொழியிலென்றாலும் சரி.